கொல்லைக் கொடிக்கால்: ஐந்து ரக வெற்றிலையும் அத்தையின் நாக்கும்

தை மாதக் கடைசி ஞாயிறு, காலை பத்து மணிக்கு அத்தையைத் திண்ணையில் உட்காரவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். ஐந்து வெற்றிலை. ஒவ்வொன்றாகக் காம்பும் நுனியும் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து அவர் கையில் கொடுத்தேன். சுண்ணாம்பு கிடையாது, பாக்கு கிடையாது, வெறும் இலை. கல்கத்தாவை முகர்ந்ததுமே சொல்லிவிட்டார். கற்பூரி, சிறுகாமணி, பச்சைக்கொடி மூன்றும் மென்றபிறகு சரியாக வந்தன. ஐந்தாவதை நிதானமாக மென்றுவிட்டு, "இதுவும் பச்சைக்கொடிதான்டா, நாக்கைச் சுரண்டுது" என்றார்.

அது வெள்ளைக்கொடி. கிழக்கு ஓரத்தில், அகத்தி பட்டுப்போன இடத்தில், வெயிலில் நின்ற வெள்ளைக்கொடி.

அத்தைக்கு எழுபத்து நான்கு வயது. பதினாறு வயதிலிருந்து வெற்றிலை போடுகிறவர். நாக்கில் குறை சொல்ல முடியாது. மூன்று வருடமாக ஒவ்வொரு ரகத்தின் பெயரையும் போட்டு நோட்டில் நான் எழுதிவைத்ததில் பாதி, அந்தக் கொடி நின்ற இடத்தைப் பற்றிய குறிப்புதான் என்று அன்றைக்குப் பிடிபட்டது. நோட்டை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தேன். செய்தது, கெட்டது, பிழைத்தது எல்லாவற்றையும் வரிசையாக இங்கே எழுதுகிறேன். வீட்டுக் கொல்லையில் நாலு கொடி நடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு என் முதல் வருட நட்டமாவது மிச்சமாகும்.

எங்கள் வீடு தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றிலிருந்து நடந்துபோகிற தூரம். அய்யம்பேட்டை, ராஜகிரி, பண்டாரவாடை, ஆவூர் என்று சுற்றிலும் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், உள்ள ஊர்கள். சின்ன வயதில் அப்பா சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அந்த வழியாகப் போகும்போது, அகத்தி நிழலுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் படும். வெளியே பங்குனி வெயில் கொளுத்தும், உள்ளே ஈரம். அந்த ஈரத்தைக் கொல்லைக்குள் கொண்டுவரும் ஆசை அப்போதிருந்தே உண்டு.

கொல்லையில் எனக்குக் கிடைத்த இடம் 24 அடிக்கு 11 அடி. மேற்கே பக்கத்து வீட்டு மாமரத்தின் நிழல் விழும். கிழக்கே வெட்டவெளி. மண் மேலே ஓர் அடிக்கு நல்ல வண்டல், அதற்குக் கீழே களி. இந்தக் களியைத்தான் முதலில் நான் கண்டுகொள்ளவில்லை.

2023 ஆடியில் ஓர் ஆளை வைத்து மூன்று பாத்தி எடுத்தேன். ஒவ்வொன்றும் 20 அடி நீளம், இரண்டு அடி அகலம். இடையில் ஓர் அடி அகல வாய்க்கால், ஆழம் முக்கால் அடி. கொடி ஏறிப் படரவும் நிழலுக்கும் பாத்தியின் இரண்டு ஓரத்திலும் அடிக்கு ஒன்றாக அகத்தி விதை. ஆட்கூலி 700, அகத்தி விதை 120, மூன்று சாக்கு மக்கிய தொழு உரம் 240. ஆவணிக் கடைசியில், அகத்தி முழங்கால் உயரம்கூட வராத நிலையில், கொடியை நட்டுவிட்டேன். ராஜகிரிப் பக்கத்துக் கொடிக்கால்காரர் ஒருவரிடம் விதைக்கொடி வாங்கினேன். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, அகத்தி ஆள் உயரம் வரட்டும், அப்புறம் வா" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. நிழலுக்கு வலை கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

விதைக்கொடி ஒன்று 6 ரூபாய். வெள்ளைக்கொடி, பச்சைக்கொடி, கற்பூரி, சிறுகாமணி 1 என்று நான்கு ரகத்தில் எட்டெட்டு, ஆக 32 கொடி, 192 ரூபாய். இரண்டு மூன்று வருடக் கொடியின் நுனிப் பக்கத்திலிருந்து நறுக்கியவை, ஒவ்வொன்றிலும் நான்கைந்து கணு. சிறுகாமணி மட்டும் அவரிடம் இல்லை, அவருடைய சம்பந்தி வீட்டிலிருந்து வாங்கிக் கொடுத்தார். திருச்சி மாவட்டத்தில் காவிரித் தென்கரையிலுள்ள சிறுகாமணி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகம். ஐந்தாவது, கல்கத்தா இனிப்பு வெற்றிலை. கும்பகோணம் சாலையில் ஒரு நாற்றங்காலில் தொட்டிச் செடியாக, ஒன்று 90 ரூபாய் என்று இரண்டு வாங்கினேன்.

நடுவது சுலபம். இரண்டு கணுவை மண்ணுக்குள் படுக்கவைத்து அழுத்தி, மீதியை மேலே விட்டு, தினமும் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். கணு மண்ணில் நன்றாக ஒட்டியிருக்க வேண்டும், இடையில் காற்று இருந்தால் கறுத்துவிடும். ஈரக் கையால் இரண்டு பக்கமும் அழுத்தும்போது மண் விரலிடுக்கில் பிதுங்கினால் போதும். ஐந்து நாள் பிழைத்துவிட்டால் கொடி பெரும்பாலும் பிழைத்த மாதிரிதான்.

நிழலுக்கு 75 சதவீதப் பச்சை வலை, 12 மீட்டர், 720 ரூபாய். இது இன்னொரு தவறு. வலைக்குக் கீழே கொடி வெளிச்சம் தேடி நீண்டது. கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி, இலை தாள் மாதிரி. புரட்டாசியில் முதல் இலைகளைக் கிள்ளி வாயில் போட்டேன். ஐந்து ரகமும் ஒரே ருசி, அதாவது ருசியே இல்லை. கல்கத்தாகூடக் கொஞ்சமாகத்தான் மணத்தது. நோட்டில் "சிறுகாமணி: சப்பென்று இருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன். பாவம், அந்தக் கொடிமேல் ஒரு குற்றமும் இல்லை.

இலை பெருக்கட்டும் என்று பாத்திக்குக் கைப்பிடி கைப்பிடியாக யூரியாவும் போட்டேன். பத்தே நாளில் உள்ளங்கையை மறைக்கும் அகலத்துக்கு இலை. பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுநாள் மாலை ஓரம் கறுத்துவிடும். அத்தை ஒன்றை மென்று பார்த்துவிட்டு, "புல்லு மாதிரி இருக்கு" என்று துப்பினார். அதன்பிறகு யூரியாவைத் தொடவில்லை. இப்போது மக்கிய தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும்தான்.

ஐப்பசியில் அடைமழை. முக்கால் அடி வாய்க்கால் நிரம்பிப் பாத்தியோடு சமமாக நின்றது, மூன்று நாள் வடியவில்லை. கீழே களி இருந்தால் எங்கே வடியும்? நான்காம் நாள் முதல் கொடி தலை தொங்கியது. தண்ணீர் போதவில்லையோ என்று ஒரு கணம் தோன்றும், அப்படித்தான் இருக்கும் அந்த வாட்டம். அடியில் தொட்டுப் பார்த்தால் மண் மட்டத்தில் தண்டு கறுத்து, தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, கூடவே ஒரு மீன் நாற்றம். வாடல் நோய். கொடிக்கால்காரர்கள் இதன் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பதினைந்து நாளில் 32இல் 29 போய்விட்டன. தொட்டியில் இருந்ததால் கல்கத்தா இரண்டும் தப்பின.

அப்போது செய்ததிலும் தவறு. முதல் நாள் டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழு உரத்தில் கலந்து தூரில் போட்டேன். அது நல்ல பூஞ்சை, கெட்டதை அடக்கும். ஆறாம் நாள் பதற்றத்தில் அதே தூரில் போர்டோ கலவையை ஊற்றினேன். போர்டோவில் இருப்பது தாமிரம். அது கெட்ட பூஞ்சையோடு நான் காசு கொடுத்துப் போட்ட நல்ல பூஞ்சையையும் சேர்த்துக் கொன்றுவிடும். இரண்டில் ஒன்றைத்தான் ஒரு சமயத்தில் செய்ய வேண்டும், இடையில் பல வாரம் விட வேண்டும் என்று அண்ணன் பிறகு சொன்னார். முதல் வருடம் கையைவிட்டுப் போனது 2,152 ரூபாய்.

மார்கழியில் அவர் வந்து கொல்லையைப் பார்த்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கொடிக்காலுக்குள் செருப்போடு போவதில்லை என்பது பழைய வழக்கம், லட்சுமி குடியிருக்கும் இடம் என்பார்கள். இன்னொரு கொடிக்காலின் நோய் மண்ணைக் காலில் ஒட்டிக்கொண்டு வராமல் இருக்கவும் அது உதவும். நான் முதல் வருடம் முழுக்க வயலுக்குப் போட்ட அதே செருப்போடு பாத்திக்குள் நடந்தவன். அவர் வாய்க்காலில் காலை வைத்துப் பார்த்துவிட்டு, "முழங்கால் வரைக்கும் போகணும் தம்பி" என்றார்.

சரி, இரண்டாவது தடவை. 2024 தையில் இரண்டு ஆள்கூலி 1,400 கொடுத்து வாய்க்காலை ஒன்றரை அடிக்கு வெட்டினோம். களியை உடைத்து, அதற்கும் கீழே ஒரு சாண் போய், வடகோடியில் சாக்கடைக்கு வாட்டம் கொடுத்தோம். வாட்டம் பார்க்கக் கொத்தனாரிடம் ரசமட்டக் குழாய் கடன் வாங்கினேன், 20 அடிக்கு நான்கு அங்குலச் சரிவு. வெட்டிய மண்ணைப் பாத்திமேலேயே போட்டு உயர்த்தினோம். அரிசி ஆலையிலிருந்து நான்கு சாக்கு உமிச்சாம்பல், 200 ரூபாய். வேப்பம் புண்ணாக்கு பத்துக் கிலோ, 400. டிரைக்கோடெர்மா ஒரு கிலோ, 150. நட்டபிறகு இந்த வேலைகளைச் செய்யவே முடியாது, எல்லாவற்றையும் நடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

அகத்தி அதற்குள் எட்டடி தாண்டியிருந்தது. பட்டுப்போன இடங்களில் புதிதாக விதைத்தேன். கிழக்கு ஓரத்தில் மூன்று இடத்தில் மட்டும் எத்தனை முறை விதைத்தும் நிற்கவில்லை. அந்த மூன்று இடம்தான் கடைசியில் அத்தையை ஏமாற்றியது. வலையைக் கழற்றிவிட்டேன். நிழல் அளக்க என்னிடம் கருவி எதுவும் இல்லை. உச்சிவேளையில் பாத்தியில் கையை விரித்துப் பிடிப்பேன். விரல்களின் நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் வெயில் அதிகம், நிழலே தெரியாவிட்டால் வெளிச்சம் போதாது. மங்கலாக விரல் எண்ண முடிகிற அளவு நிழல் இருக்கும்படி அகத்திக் கிளையைக் கழிப்பேன். கழித்த கீரை வீட்டுக்கும் தெருவுக்கும் போகும்.

மாசி முதல் வாரத்தில் நான்கு ரகத்திலும் பத்துப் பத்து, 40 கொடி, 240 ரூபாய். கல்கத்தாவைத் தொட்டியிலிருந்து பதியம் போட்டு நான்கு சேர்த்தேன். இந்த முறை எந்தக் கொடி எந்தப் பாத்தியில் எத்தனையாவது அடியில் என்று வரைபடம் போட்டேன். மூன்று வருடத்தில் செய்த உருப்படியான வேலைகளில் அதுவும் ஒன்று. ஆனால் ஒவ்வொரு ரகத்தையும் சேர்த்துச் சேர்த்து ஒரே இடத்தில் நட்டேன். மேற்கே மாமர நிழலில் வெள்ளைக்கொடி ஆறு (மீதி நான்கு கிழக்கு ஓரத்தில்), நடுவில் சிறுகாமணியும் கற்பூரியும், கிழக்கே பச்சைக்கொடி. கற்பூரி விழுந்த இடம் நடுப்பாத்தியின் வடகோடி, வாட்டம் போய்ச் சேரும் பள்ளம். கலந்து நட்டிருந்தால் இடத்தையும் ரகத்தையும் பிரித்துப் பார்த்திருக்கலாம். அடுத்த முறை செய்யப்போகும் முதல் மாற்றம் இது.

கொடியைக் கட்டுவது தினசரி வேலை. வாழைநாரை ஊறவைத்து மெல்லியதாகக் கிழித்து, ஒரு சாணுக்கு ஒரு கட்டு. இறுக்கினால் தண்டு புடைத்து வெட்டுப்படும், ஒரு விரல் நுழைகிற தளர்ச்சி வேண்டும். நைலான் கயிற்றைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். வாழைநார் நாலைந்து மாதத்தில் தானே மக்கி விட்டுவிடும், அதற்குள் கொடியின் கணு வேர் அகத்தியைப் பிடித்திருக்கும்.

அந்தக் கோடை கடினமானது. 2024இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை, ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். குடமுருட்டி மணலாகக் கிடந்தது. போர்த் தண்ணீர் கீழே போய் லேசாக உவர்த்தது. வெற்றிலை உவர்ப்பைத் தாங்காது. கற்பூரியின் இலை ஓரங்கள் முதலில் காய்ந்தன. பிடித்து வைத்திருந்த மழைநீர் டிரம்மிலிருந்து சொம்பு சொம்பாக அதற்கு மட்டும் ஊற்றினேன். ஆற்றில் தண்ணீர் வந்த பதினைந்தாம் நாள் புதுக் கொழுந்து விட்டது. டெல்டாவில் எந்தச் செடியை வளர்த்தாலும் மேட்டூரை எண்ணித்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது.

ஆடியிலிருந்து ருசி பார்க்கும் ஞாயிறுகள் தொடங்கின. மாதம் ஒருமுறை, காலை பத்து மணி, காபிக்கு முன்னால். நுனியிலிருந்து எண்ணி ஏழாவது இலை. முதலில் மூன்றாவது இலையைப் பறித்துக்கொண்டிருந்தேன், அது கொழுந்து. மெல்ல மிருதுவாக இருக்கும், ஆனால் நீர்தான் அதிகம், ரகத்துக்கு ரகம் வித்தியாசம் தெரியாது. பத்துக்கு மேலே போனால் எல்லாமே தோல்போல ஆகி, காட்டம் மட்டும் நிற்கும். ஆறிலிருந்து எட்டுக்குள் பறித்தால்தான் கொடி தன் குணத்தைக் காட்டுகிறது. முதலில் வெறும் இலை, பிறகு அரிசி அளவு சுண்ணாம்பு தடவி இன்னொன்று. பாக்கு வேண்டாம் என்று முதலிலேயே முடிவுசெய்தோம். பாக்கின் துவர்ப்பு இலையின் ருசியை மூடிவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, புகையிலை சேர்க்காத தாம்பூலமே ஆனாலும் பாக்கு இருந்தால் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. அத்தை புகையிலையை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. பாக்கையும் இந்த ஞாயிறுகளின் புண்ணியத்தில் மிகவும் குறைத்துவிட்டார். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம்.

இனி ஒவ்வொரு கொடியாக.

கற்பூரி. ஐந்திலும் எனக்கு மிகப் பிடித்தது. இலை கொஞ்சம் ஒடுக்கம், மஞ்சள் கலந்த இளம்பச்சை. வாயில் போட்டதும் காரம் வருவதில்லை. நான்கைந்து முறை மென்றபிறகு மூக்கின் பின்பக்கம் ஒரு குளிர்ச்சி ஏறும், பெயர் சொல்வதுபோலவே. நார் இல்லை, சக்கை மிஞ்சாது. வெற்றிலை பழகாத என் மகள்கூட முகம் சுளிக்காமல் மென்றாள். சுண்ணாம்பு சேர்த்தால் அந்தக் குளிர்ச்சி அடங்கிவிடுகிறது, வெறுமனே போடத்தான் நன்றாக இருக்கும். வெயிலில் தொங்கிய ஒரு கிளையின் இலையையும் தனியாகப் பார்த்தேன். சிறுத்திருந்தது, ஆனாலும் காட்டம் ஏறவில்லை. இடம் மாறினாலும் குணம் மாறாத கொடி என்று கற்பூரியை மட்டும் தைரியமாகச் சொல்வேன். பறித்தால் மூன்று நாள்தான் தாங்கும், அதற்குமேல் மஞ்சளடிக்கும்.

கல்கத்தா. சோம்பு மணம். கொல்லைக் கதவைத் திறந்தாலே தெரியும். தடித்த, அகலமான, பளபளப்பான இலை. இனிப்பு நிஜமாகவே உண்டு, ஆனால் இரண்டாவது இலைக்கு மேல் எனக்குத் திகட்டிவிடும். அத்தை இதை வெற்றிலைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, "பீடாக் கடை இலை" என்பார். கல்யாண விருந்துக்குப் பிறகு ஒன்று போட நன்றாக இருக்கும். தொட்டியில் ஒழுங்காக வளர்கிறது, தரைக்கு வந்ததும் மந்தமாகிவிட்டது. மாடி வீட்டுக்காரர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சிறுகாமணி 1. முதல் வருடம் நான் சப்பென்று எழுதிய கொடி. இரண்டாவது வருடம் அகத்தி நிழலில் அதுவே வேறு இலை. நடுத்தரக் காரம், நல்ல மணம், மென்றால் வாய் நிறைய நீர் ஊறும். எல்லாவற்றையும்விட வேகமாக வளர்வதும் இதுதான். பத்துக் கொடியிலிருந்து வாரத்துக்கு ஒன்றரைக் கவுளி வரும், எங்கள் பக்கம் நூறு இலை ஒரு கவுளி. ஈரத்துணியில் சுற்றி வாழைச்சருகில் வைத்தால் ஆறு நாள் வாடாது. வீட்டுத் தேவைக்கு ஒரே ஒரு ரகம் என்றால் இதை வைக்கலாம்.

வெள்ளைக்கொடி. கொடியே வெளிறின பச்சை. மாமர நிழலில் நின்ற ஆறு கொடிகளின் இலை, கடையில் கும்பகோணம் கொழுந்து என்று கேட்டு வாங்குவோமே, அதற்கு வெகு அருகில் வந்தது. மெலிது, மடித்தால் முறியாது, காரம் இதமாக வந்து போகும். சுண்ணாம்போடு இது சேரும் அழகே தனி. மறுபக்கம், வெயிலில் நின்ற நான்கின் இலை கரும்பச்சைக்குப் போய், தடித்து, கடைசியில் நாக்கைச் சுரண்டியது. இரண்டும் ஒரே விதைக்கொடிக் கட்டிலிருந்து வந்தவை.

பச்சைக்கொடி. இதைப் பற்றித்தான் எனக்குக் குற்றவுணர்வு. நோட்டில் ஒன்பது மாதம் தொடர்ச்சியாக "காட்டம், கசப்பு, நரம்பு" என்று எழுதியிருக்கிறேன். மொத்தமாகப் பிடுங்கிவிடலாம் என்றுகூட 2025 வைகாசியில் நினைத்தேன். அத்தைக்குப் பழக்கமான பழைய காட்டம் இது ஒன்றில்தான் கிடைக்கிறது என்று அவர் சொன்னதால் விட்டுவைத்தேன். தை சோதனைக்குப் பிறகு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பத்துப் பச்சைக்கொடியும் கிழக்கே வெட்டவெளியில்தான் நின்றிருக்கின்றன. நிழலில் நின்ற பச்சைக்கொடியை நான் ஒருமுறைகூட ருசித்ததில்லை. அதற்கு என்ன ருசி என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அத்தனை பக்கம் அதைக் குறை சொல்லி எழுதியிருக்கிறேன்.

2025 ஏப்ரலில் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது கொடிக்கால் ஊர்களில் அத்தனை சந்தோஷம். தூத்துக்குடிப் பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக்கும் சோழவந்தான் வெற்றிலைக்கும் 2023இலேயே கிடைத்துவிட்டது, நமக்கு எப்போது என்ற ஏக்கம் இருந்தது. அண்ணன் அன்றைக்கு ஒன்று சொன்னார்: "கொடி எங்கேயும் போகும் தம்பி. இந்த வண்டலும் இந்தத் தண்ணியும் போகாது." அப்போது அதை ஊர்ப்பெருமை என்று நினைத்துக் கேட்டுக்கொண்டேன். என் 24 அடிக்குள்ளேயே மேற்கு வெள்ளைக்கொடியும் கிழக்கு வெள்ளைக்கொடியும் இரண்டு இலையாக இருப்பதைப் பார்த்தபிறகு, அவர் தொழிலைத்தான் பேசினார் என்று தெரிகிறது.

மழைக்காலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் கடைசி வாரம், பெஞ்சல் புயல் உருவாகிக்கொண்டிருந்த சமயம், டெல்டாவில் கொட்டிய மழையில் சம்பா வயல்கள் மூழ்கின. கொல்லை வாய்க்காலில் ஒன்றரை அடித் தண்ணீர் நின்றது, ஆனால் மறுநாள் சாயங்காலத்துக்குள் வடிந்தது. ஐப்பசி தொடங்கும்போதே தூரில் போர்டோ ஊற்றியிருந்தேன். பத்து லிட்டருக்கு மயில்துத்தம் (தாமிர உப்பு) 25 கிராம், சுண்ணாம்பு 25 கிராம். பிளாஸ்டிக் வாளிகளில் ஐந்தைந்து லிட்டரில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. கடைசியில் பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது, படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. இலையில் ஒரு துளி படாமல் தூரில் மட்டும் ஊற்றினேன், ஒரு மாதம் எந்தக் கொடியிலும் இலை கிள்ளவில்லை. மயில்துத்தம் 120, சுண்ணாம்பு 30. இரண்டாவது வருடச் செலவு அத்தனையும் சேர்த்து 2,540.

மழை ஓய்ந்தபின் எண்ணினேன். சிறுகாமணி பத்தில் எட்டு, பச்சைக்கொடி ஏழு, வெள்ளைக்கொடி எட்டு, கற்பூரி இரண்டு. "கற்பூரி மழை தாங்காது" என்று அன்றைக்கு எழுதினேன். அதையும் இப்போது அடித்துவிட்டேன். பள்ளத்தில் நட்டது நான்.

2025 பிப்ரவரியில் கொடியை இறக்கிக் கட்டினோம். உச்சிக்குப் போன கொடியை அவிழ்த்து, இலையில்லாத அடித்தண்டை வளையமாகச் சுற்றி மண்ணில் புதைத்து, நுனி ஒன்றரை அடியை மட்டும் மறுபடி மேலே கட்டுவது. புதைந்த கணுக்களில் புது வேர் விட்டு, கொடி திரும்ப இளமையாகும். நான் முதல் நாள் சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் காலையில் தொடங்கினேன். தண்டு விறைப்பாக இருந்து, வளைக்கும்போது மூன்று கொடி மளுக்கென்று முறிந்தது. அண்ணன் வந்து, "ஒருநாள் காயவிட்டுத் தொடு" என்றார். மறுநாள் மதியம் அவர் கையில் அதே கொடி கயிறுபோல வளைந்தது.

அந்த ஆனியில் செதில் பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடித்தேன், பத்து லிட்டருக்கு 30 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு. பூச்சி போனது. ஆனால் அந்த மாத ருசிக் குறிப்பு முழுக்க வீண், எந்த இலையை மென்றாலும் வேப்பங்கசப்பு. பன்னிரண்டு நாளுக்குப் பிறகுதான் வாய்க்குச் சரியாக வந்தது. இப்போதெல்லாம் பூச்சி உள்ள இலையைக் கிள்ளி எரித்துவிடுகிறேன், தண்டில் ஒட்டியதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுக்கிறேன். கொல்லையில் இருக்கிற கொடிகளுக்கு அது ஆகாத வேலை இல்லை.

அடுத்து நான் மாற்றப்போவது இரண்டு. கிழக்கு ஓரத்தில் அகத்தி நிற்காத மூன்று இடத்திலும் முள்முருங்கைப் போத்து (நறுக்கிய கிளை) ஊன்றியிருக்கிறேன், நாலடிப் போத்து, இப்போதே துளிர் விட்டிருக்கிறது. அதோடு, ரகங்களைக் கலந்து நடப்போகிறேன். ஒவ்வொரு பாத்தியிலும் நான்கு ரகமும் மாறி மாறி வரும்படி புது வரைபடம் போட்டாயிற்று. பச்சைக்கொடி இரண்டு மாமர நிழலுக்குப் போகிறது, கற்பூரி மூன்று மேட்டுக்கு ஏறுகிறது. அத்தைக்கு வரைபடத்தைக் காட்டவில்லை. ஆவணியில் மறுபடி அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

பச்சைக்கொடியிலும் கற்பூரியிலும் நறுக்கிய விதைக்கொடிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கிணற்றடி நிழலில் வைத்திருக்கிறேன். பாத்திக்கு இன்று காலை தண்ணீர் விட்டாயிற்று, நாளை விடிந்ததும் நட வேண்டும்.